ஊதாக் கோடு

எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில்
மரத்தில் ஊதாச் சாயம் கண்டால்
உள்ளே வராதே என்று பொருள்.
பலகை வேண்டாம், எழுத்து வேண்டாம்.
இடுப்புக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு.
மிசௌரிச் சட்டத்துக்கு அது போதும்.

மூன்று டப்பா வாங்கினேன்,
கொட்டகைத் தகரத்தில் ஓட்டை விழுந்த மறுநாள்.
யார் சுட்டதென்று இன்றுவரை தெரியாது.
ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தால்
கோவேறு கழுதை பர்னிஸின் முதுகு தெரியும்,
அதற்கு முக்கால் முழம் மேலே
எதிர்ச் சுவரில் இன்னோர் ஓட்டை.

பிறகு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை.
மருந்துக்கடை லாயிடுக்கு இல்லை.
பாதிரியாரின் மச்சானுக்கு இல்லை.
செயிண்ட் லூயிஸிலிருந்து
விலைச்சீட்டு கிழிக்காத பூட்ஸோடு வந்த இருவருக்கு
வாய் திறக்கும் முன்பே இல்லை.
சொல்லச் சொல்ல
அந்தச் சொல் எனக்குப் பிடித்தும் போயிற்று.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை,
டிராக்டர் டயருக்காக வெஸ்ட் பிளெய்ன்ஸ் போய்த் திரும்பினால்
படிக்குக் கீழே வெர்லின் ஸ்ட்ராட்.
செம்மஞ்சள் சட்டை, கையில் தொப்பி.
துப்பாக்கியைத் தோட்டா கழற்றி
வேலிக்கு அந்தப்புறம் வைத்துவிட்டு வந்தானாம்.

"மச்சினன் காட்டில் சுட்டேன்.
கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. என் தப்பு.
உங்கள் பக்கம் தாண்டிவிட்டது."

எப்போது?

"இரண்டரைக்கு."

மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"ஓடையோரம் படுத்திருக்கிறது.
வேலியிலிருந்தே தெரிகிறது.
தலையைத் தூக்குகிறது, வைக்கிறது."

அங்கிருந்தே முடித்திருக்கலாமே என்றேன்.

தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.
"குண்டும் ஒரு கால்தானே.
கேட்காமல் எப்படி?"

வேலியருகே ஈரச் சேறு.
அவன் பூட்ஸ் தடங்கள்
அங்கும் இங்கும், அங்கும் இங்கும்,
ஆள் பூட்டி உழுத மாதிரி.
ஒன்றுகூடத் தாண்டவில்லை.
கம்பியின் கீழ்ச் சுருளில் மட்டும்
கொஞ்சம் மயிர், கொஞ்சம் ரத்தம்.
மான் ஒருமுறை தாண்டியிருந்தது.

சிக்கமோர் வேரில் கிடந்தது, இளம் கிடா.
மூச்சு வெளியே வந்தது,
உள்ளே போனதா என்று தெரியவில்லை.
வெர்லின் கடிகாரம் பார்த்தான்.
வேட்டை நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம்.
என் பக்கம் திரும்பினான்.

"வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன்.
இங்கே சுடலாமா?"

தலையாட்டினேன்.

கொட்டகையில் பர்னிஸ்
தகரத்தை ஓர் உதை உதைத்தாள்.

கத்தியை எடுத்துக் குந்தியவன்
மறுபடி நிமிர்ந்து,
குடலை இங்கேயே விடலாமா, அள்ளிப் போகட்டுமா என்றான்.
கேட்டுக்கொண்டே இருக்காதேடா என்று கத்திவிட்டேன்.
பாதி இறைச்சி உங்களுக்கு என்றான்.
இல்லை என்றது வாய், பழக்கத்தில்.

இரவு படுக்கையில் கணக்குப் போட்டேன்.
இரண்டு மணி இருபது நிமிடம்.
குறி தவறியது அவனுடையது, அதை அவனே சொன்னான்.
கால் எட்டும் தூரத்தில் அவன் நின்றது
என் கோட்டை மதித்து.
அந்த நேரமெல்லாம் மான் தலையைத் தூக்கியதும் வைத்ததும்
என் நிலத்தில்,
நான் டயர்க்கடையில்
பதினெட்டு டாலர் குறைக்கச் சொல்லிப்
பேரம் பேசிக்கொண்டிருந்தபோது.
வராதே என்று பூசினேன்.
என்னை எங்கே பிடிப்பதென்று
எங்கும் பூசவில்லை.

கோடுகளை அழிக்கவில்லை.
சுட்டவன் இன்னும் எங்கோ இருக்கிறான், ஓட்டையும் இருக்கிறது.
ஒவ்வொரு ஐந்தாவது மரத்திலும்
கோட்டுக்குக் கீழே ஒரு தகரத் துண்டு அடித்தேன்,
அதில் என் தொலைபேசி எண்.

டிசம்பரில் ஒருவன் அழைத்துப்
பழைய டயர் விற்பனைக்கா என்றான்.

ஏப்ரலில் ஒரு சிறுமியின் குரல்.
"உங்கள் ஓடையோரம் மோரெல் காளான் முளைத்திருக்கும்.
அப்பா கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.
பறிக்கலாமா?"

இல்லை என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
வேலியில் நின்றவனைப் போல
அங்கும் இங்கும் நடந்தது.

எந்தப் பக்கமாக வருவாய் என்று கேட்டேன்.