மங்கும் பெட்டி

மரம் என்கிறோம்.
வேர் இடப்பக்கம், நுனி வலப்பக்கம்,
சாய்த்துப் போட்ட மரம்.
இலை உதிராது, பட்டுப்போகாது.
நாற்பது புள்ளி கட்டினால்
அடுத்த பெட்டி திறக்கும்.
திறந்தது திறந்ததுதான்.

பெர்கனில் இது மழையின் பதினோராம் நாள்.
துறைமுகத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில்
சக்கரத்திலிருந்து சாலைக்கு ஓர் அம்பு போடுகிறேன்,
அழிக்கிறேன்.
சக்கரமே உருட்டாமல் மலைக்கு மலை
சாலை போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.
ஓர் அம்பு எவ்வளவு பொய் தாங்கும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
கல்லூரியில் வரலாறு, பிறகு நிரல்,
பிறகு இந்த நாற்காலி.

எலுமிச்சைக்கு வந்தபோது நின்றுவிட்டேன்.

நெடுங்கடல் ஓடியவர்களுக்கு ஈறு கரைந்தது,
ஆறிய தழும்பு மறுபடி வாய் பிளந்தது.
எலுமிச்சைச் சாறு போதும் என்று கண்டார்கள்.
பிறகு மலிவாய்க் கிடைத்த இன்னொரு காயை ஏற்றினார்கள்,
புளிப்பு இருந்தது, சத்து இல்லை.
நீராவிக் கப்பல் விரைந்து கரைசேர்ந்ததால்
ஈறு கரைய நாள் போதவில்லை;
ஒருவரும் கவனிக்கவில்லை.
நூறு வருடம் கழித்துப் பனிக்கடலுக்குப் போனவர்கள்
அதே நோயில் படுத்தார்கள்.
தகர டப்பா இறைச்சியின் நஞ்சு என்று
மருத்துவர்களே எழுதி வைத்தார்கள்.

தெரிந்தது தெரியாமல் போயிற்று.
அதற்கு என் மரத்தில் அம்பே இல்லை.

வரைந்தேன் ஒன்று, பின்னோக்கி.
மூன்று தலைமுறை நெடுங்கடல் ஓடாவிட்டால்
எலுமிச்சைப் பெட்டி மங்கும்.
எச்சரிக்கை கிடையாது.
மறதி என்ன, மணி அடித்துவிட்டா வரும்?

"காசு கொடுத்து ஆடுகிறவனிடம்
கொடுத்ததைப் பிடுங்காதே, ஓஷில்ட்" என்றார் எய்வின்.
தயாரிப்பாளர். நல்ல மனிதர்,
வெள்ளிக்கிழமைகளில் பட்டை ரொட்டி வாங்கி வருவார்.
ஒரு வாரம் சோதனையில் இருக்கட்டும் என்றேன்.

வியாழன். சோதனைக்காரன் தோர்யுஸ்,
மடியில் வறுவல் பொட்டலம்.
முந்நூறு வருடம் கரையை ஒட்டியே
உப்புமீன் விற்றுக் கொழுத்தான்.
பிறகு ஆசை முற்றி மேற்கே ஒரு கப்பற்படை.
நடுக்கடலில் பத்தொன்பது மாலுமிகள்
எழுந்திருக்கவில்லை.
"இது என்னிடம் இருந்ததே!
நான் வாங்கி வைத்திருந்தேனே!"
பிழை எண் 2217 என்று பதிந்தான்.
பிழையில்லை என்று மூடினேன்.
எய்வின் திறந்தார்.
மூடினேன்.
திறந்தார்.

அந்த வாரமே எங்கள் நிலவரைபடக் கருவி படுத்தது.
எழுதியவள் சுன்னிவா,
துரொம்சோவுக்குப் போய் இரண்டு வருடம்.
நடுவில் யாரும் அதைத் தொடவில்லை,
தொட என்ன இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம்.
நிரலின் நடுவே அவள் குறிப்பு:
"இந்த வரியை நீக்காதே. காரணம் உனக்கே தெரியும்."
எங்களுக்குத் தெரியவில்லை.
தொலைபேசியில் கேட்டோம்,
அவளுக்கும் தெரியவில்லை.
பின்னணியில் குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

மூன்று நாள் போனது, ஐந்து பேர் சம்பளத்தோடு.
திங்கள் காலை 2217 மூடிக் கிடந்தது.
அடியில் எய்வினின் ஒரே வரி:
வடிவமைத்தபடியே இயங்குகிறது.

தோர்யுஸ் இப்போது வேறுமாதிரி ஆடுகிறான்.
தலைமுறைக்கு ஒருமுறை ஒரு சின்னக் கப்பல்
அவன் துறையை விட்டு இறங்குகிறது.
சரக்கில்லை, சண்டையில்லை, புள்ளியும் தேறாது.
பத்து மாலுமிகள், கூடை கூடையாய் எலுமிச்சை,
கரை கண்ணுக்கு மறையும்வரை போய்
ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறது.
இதை நான் வடிவமைக்கவில்லை.
கப்பலுக்கு 2217 என்று பெயர் வைத்திருக்கிறான்.
பராமரிப்பு ஆறு பொன்.
முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறான்.