முன்வரிசை

ஏழாம் மாதம் சீனர்களின் பேய்த் திருவிழா.
பாடாங் செராயில் மைக் செட் எனக்குத்தான்.
மாரியம்மன் தீமிதிக்குக் கட்டிய அதே பெட்டிகள்,
அதே ஒயர், ஒரு பக்கம் இரையும் அதே மிக்சர்.
மேடைக்கு முன்னால் முதல் வரிசையில்
எட்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
யாரும் உட்காரக் கூடாது. செத்தவர்களுக்கு.
தெரியாமல் ஒருமுறை உட்கார்ந்து கேபிள் சுற்றினேன்,
கமிட்டிக்காரர் காதைப் பிடித்துத் தூக்கினார்.

அங்கேதான் ஊய் சியூ தின்
பதினைந்து வயதில், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு
முதல்முதலாகப் பாடினாள்.
மைக்கை உதட்டில் முட்டிக்கொண்டு நின்றாள்.
"ஜாவ் சிக்கிட்" என்றேன். தள்ளிப் பிடித்தாள்.
பின்னால் இருநூறு பேர் கச்சான் தின்றார்கள்.
அவள் காலி நாற்காலிகளைப் பார்த்தே பாடினாள்.

ஒட்டுக்கித்தா வாங்கும் தவுக்கேயின் மகள்.
சனிக்கிழமை தோறும் என் அம்மா அங்கம்மா
நாறும் கோணியை அங்கேதான் இறக்குவாள்.
டாச்சிங் கொக்கியில் கோணி தொங்கும்போது
தவுக்கே அதன் அடியில்
கட்டைவிரலைக் கொடுப்பார்,
தூங்கும் பிள்ளையின் தலையைத் தாங்குவதுபோல.
இரண்டு கிலோ காணாமல் போகும்.
முக்காலியில் உட்கார்ந்து சியூ தின் எழுதுவாள்.
பில்லின் பின்பக்கமும் ஏதோ எழுதுவாள்.
அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.
அடுத்த கடை கூலிமில்.
பஸ் காசு இரண்டு கிலோவுக்கு மேல்.

பினாங்குப் போட்டியில் இரண்டாம் பரிசு.
பிறகு தைப்பே.
அங்கே ஊய் என்பது ஹுவாங் ஆயிற்று.
எழுத்து மாறவில்லையாம், வாய்தான் மாறியது.
முதல் ஆல்பத்தில் சிரிக்கச் சொன்னார்கள்; சிரித்தாள்.
விற்கவில்லை.
சலவைக்கடை மாடியில் ஐந்து வருடம்
மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தாளாம்.
அவள் அழுகையை வாங்கிப் பாடி
ஒருத்தி வீடு கட்டிவிட்டாள்.
முப்பத்தொன்றில்தான் அந்தப் பாட்டு வந்தது.
ஷாங்காயில் ஒரு ஸ்டேடியமே
கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு பாடியது.
பேப்பரில் படம் போட்டிருந்தார்கள்.
கோப்பிக்கடைக்காரன் கத்தரித்து ஒட்டிவைத்தான்.

சீனக் கல்யாணங்களில் அதை
நாற்பது தடவையாவது போட்டிருப்பேன்,
அர்த்தம் தெரியாமல்.
ஒரு நாள் சீனப்பள்ளியில் படிக்கும் என் மகள் தர்ஷனா
ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி
வரி வரியாகச் சொன்னாள்:

அடியில் உன் கட்டைவிரல் இருந்தது
பாரம் குறைந்தது
எவ்வளவு குறைந்ததென்று
எழுதியவள் நான்

"லவ் சாங்குப்பா" என்றாள்.
அதற்குள் மணமக்கள் கேக் வெட்டினார்கள்.
கைதட்டலுக்கு வால்யூம் குறைக்க மறந்துபோனேன்.

பிறகு தொண்டையில் கட்டி, ஆபரேஷன்,
இரண்டு வருடம் பேச்சே இல்லை என்றார்கள்.
போன மார்ச்சில் தவுக்கே போய்ச் சேர்ந்தார்.
ஏழாம் மாதம் அவள் வந்தாள்,
காசு வாங்காமல் மூன்று பாட்டு.
கறுப்புச் சட்டை, சாதா செருப்பு.
மிக்சர் பக்கம் வந்து, சிராய்த்த குரலில்,
"எக்கோ வேண்டாம் அங்கிள்" என்று மலாயில் சொன்னாள்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும், நான் கோணி சுமந்தவன் இல்லையே.

மூன்றாவதாக அதைப் பாடினாள்.
மேல் ஸ்தாயி எட்டவில்லை.
எட்டாத இடத்தில் நிறுத்தி, சும்மா நின்றாள்.
யாரும் விரலைத் தூக்கவில்லை.
ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் அந்தக் கடை தெரியும்.

முன்வரிசையில் ஒன்றில் தவுக்கே இருந்திருப்பார்.
அம்மா சீனர் மேடைக்கு வரவே மாட்டாள்,
பாஷை புரியாது, ஊதுபத்திப் புகை ஆகாது.
ஆனாலும் அன்று சாயங்காலமே நான்
சின்னப் பெட்டி ஒன்றை
அந்த எட்டு நாற்காலிப் பக்கம் திருப்பிவைத்து
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தேன்.
அம்மாவுக்கு இடது காது மந்தம்.