மழை வந்தான்

செத்துப்போன வன்தட்டிலிருந்து
எண்ணூறு ரூபாய்க்குத் தோண்டியெடுத்துக் கொடுத்தான்
ரோஸ் ஹில் மார்க்கெட்டுக்குப் பின்னால்
கைபேசி பழுதுபார்க்கும் பையன்.
"நிறையப் பாட்டு இருக்கு, மேடம்."
ஒன்றுகூடப் பாட்டில்லை, தம்பி.
முப்பத்தொரு ஆரம்பங்கள்.

ஞாயிறு மதியம்.
கீழே அடுப்பில் பருப்பு.
மாடி அறையில் பத்தொன்பதாவதைத் திறக்கிறேன்.
பதினேழு வயதில்
இரவு இரண்டு மணி பதினாலு நிமிடத்துக்கு
கடைசியாக மூடியது.

சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழுந்து நிற்கிறது:
ஸ்டெல்லியோ ரவான் இரண்டு
காணவில்லை.
எங்கே தேடட்டும்?

கான் லெவியேவில் தேடு.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சந்தில்
வைக்கோலைக் கொளுத்தி
ஆட்டுத்தோலை அனலில் காட்டிக் காட்டி
ஒரு விரலால் அவன் தட்டிப் பார்த்த இடத்தில்.
அப்பா தவணையில் வாங்கிய கணினியை
அங்கே தூக்கிப்போக முடியாது என்பதால்
அவனைத்தான் வரச்சொன்னேன்.
வழியெல்லாம் தோல் ஆறிப்போய்
எங்கள் கேஸ் அடுப்பில் இன்னொரு முறை காய்ச்சினோம்.
அம்மா மூன்று நாள் பேசவில்லை.

'தவிர்' என்பதை அழுத்துகிறேன்.
பாட்டு ஓடுகிறது.
நடுவில் பதினாறு தாளக்கட்டு வெற்றிடம்,
ஏழு கறியும் பரிமாறிய இலையில்
சோறு மட்டும் வராதது போல.
அப்புறம் என் குரல்:

மழை வந்தான்
கூரை கேட்டாள்

பள்ளித் தமிழ்.
வீட்டில் கிரியோல், கோயிலில் மட்டும்
புரிந்ததுபோல் தலையாட்டல்.
விடைத்தாளில் இதையே எழுதியபோது
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
மழை அஃறிணை.
இப்போது எனக்கு இலக்கணம் தெரியும்.
மாற்றிப் பாடிப் பார்த்தேன்.
மழை வந்தது. கூரை கேட்டது.
சரிதான்.
வானிலை அறிக்கை.

ஒன்பது வருடம் கழித்து ஒரு செய்தி அனுப்பினேன்.
அந்தப் பதினாறு உன்னிடம் இருக்கா?
நாற்பத்தொன்பது விநாடிக் குரல் வந்தது.
"அய்யோ, தேவ்."
எங்கள் இரண்டு மொழிக்கும் பொதுச் சொல்.
தோலை எலி தின்றுவிட்டதாம்.
வளையத்தில் மகள் கண்ணாடி பதித்து
தலை வாருகிறாளாம்.
பிறகு இன்ஜினை அணைக்கிற சத்தம்.
பிறகு
ரொட்டி வண்டிக் கதவில் உள்ளங்கை.

மெதுவாக.
அன்றைக்கும் இதில்தான் சண்டை.
"ஏன் ஓடுது இது, நாய் துரத்துதா?"
நான் நூற்றிருபத்தெட்டில் வைத்திருந்தேன்.
எங்கே போக என்று தெரியாத அவசரம் எனக்கு.
ரவானைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.
பரீட்சையால் நின்றது என்றுதான்
எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்,
என்னிடமும்.

கதவை வெற்றிடத்தில் வைத்தேன்.
ஏழாவது கட்டிலேயே பின்தங்கியது.
சுருக்கிவிடலாம், ஒரு சொடுக்குதான்.
சுருக்கிக் கேட்டால்
நள்ளிரவில் கதவு தட்டும் போலீஸ்.
திரும்ப நீட்டிவிட்டு
மேலே இருந்த என் எண்ணைப் பிடித்து இறக்கினேன்.
நூற்றிருபது.
நூற்றுப்பத்து.
நூற்றிரண்டில்
கதவு தானாக வந்து உட்கார்ந்தது.

வேகம் குறைந்ததில்
அந்தப் பெண்ணின் குரல் தடித்து
யாரோ ஒரு பையன் பாடுவது போல:
மழை வந்தான்.
ரவான், வந்தான்,
ஒரே வால்.
அப்போது கவனிக்கவே இல்லை.

பதிவின் கடைசியில் வண்டியருகே யாரோ கேட்கிறார்கள்,
ரொட்டி இருக்கா?
"முடிஞ்சாச்சு" என்கிறான் ஸ்டெல்லியோ.
அதை வெட்டவில்லை.

இரண்டாம் சரணம் இன்னும் ஒரு வரிகூட இல்லை.
படிக்கட்டில் ஏறி வருகிறாள்
பருப்பு அடிப்பிடித்த வாசனை.