நாலு போல்ட்டு

ரெண்டாவது லேத்துக்காகத் தரையில் இறக்கிய
நாலு போல்ட்டுகள்
சிமெண்டுக்கு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கின்றன.
வருகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள்.
இன்னாக்கா இது என்று கேட்டால்
ஏழு வருஷத்தைச் சொல்ல நேரமில்லை.
பார்த்து வா, என்கிறேன்.

அம்பத்தூர் கம்பெனிக்கு
ஆயிரத்து இருநூறு புஷ் கடைந்து கொடுத்தேன்.
ஒரு நூல் பிசகில்லை.
செக் திரும்பி வந்தது.

போய் நின்றேன்.
எந்த ஏரியா என்றார். வியாசர்பாடி என்றேன்.
ஓ, என்றார்.
அந்த 'ஓ'வுக்கு அப்புறம்
எனக்கு மட்டும் டீ பேப்பர் கப்பில் வந்தது.
"கோர்ட்டுக்குப் போம்மா, சட்டம் இருக்கு."
மிரட்டலே இல்லை.
வழி கேட்டவளுக்கு பஸ் நம்பர் சொல்கிற மாதிரி
அவ்வளவு அன்பாக.

அந்த அன்பு புரிய
முப்பத்தொன்பது வாய்தா ஆனது.

சம்மன் சேரவில்லை.
ஐயா லீவு.
எதிரி வக்கீலுக்குக் காய்ச்சல்,
அடுத்த முறை அவர் அம்மாவுக்கு.
ஒரு நாள் என் கட்டையே காணோம்.
ஜார்ஜ் டவுனில் நான் சுவரோரம் நிற்கும் நாளெல்லாம்
இங்கே ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்;
இன்பராஜுக்குப் பாதிக் கூலி.
என் பணம் மட்டும் அங்கே
முழு நேர வேலை பார்த்தது.
வட்டி கேட்காத கடன்,
ஈடு கேட்காத கடன்
அவருக்கு.

என்னிடம் பேங்க் ஈடு கேட்டது.
வாரியத்து வீடு, பத்திரம் இன்னும் வரவில்லை சார்.
அப்போ வரவேண்டிய பாக்கி?
கேஸில் இருக்கு.
மேனேஜர் பேனாவை மூடினார்.

போன மாசம் ஒரு பையன் வந்தான்,
ஆஸ்பத்திரிக் கட்டில் சக்கரத்துக்குப் பெரிய ஆர்டர்,
தொண்ணூறு நாள் கடன்.
நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.
தொண்ணூறோடு ஏழு வருஷத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
ரொக்கம்னா செய்றேன் தம்பி.
அவன் போனான்.

இன்பராஜ் மூணு நாள் பேசவில்லை.
நாலாம் நாள் ஆக்சா பிளேடோடு குனிந்து
அறுத்துடவா அக்கா, என்றான்.

வெயில் ஷட்டர் வழியே வந்து
அந்த நாலு மரையிலும் நின்றது.

துரு ஏறாமல் கிரீஸ் வை, என்றேன்.
அப்புறம்,
அந்த பிளேடையும்
எடுத்து வை.