மைல் கணக்கு

வியாழக்கிழமைகளில்தான் தெலுக் இந்தானுக்குப் போவேன்,
பழக்குலை இறக்கிய காலி லோரியோடு.
இப்போது வியாழக்கிழமைகளில்
பீடோரில், டயர் கடை மாடியில்,
மிஸ் ஃபிலோமினாவின் அறை.
வேறு நாள் தரட்டுமா என்றார்.
"இதே நாள் இருக்கட்டும்" என்றாள் தங்கேஸ்வரி.

மேசையில் கோழி வடிவில் ஒரு மணி.
முட்டை அவிக்க வாங்கியதாம்.
முறுக்கி வைத்தால் இருபது நிமிடம்.
அதற்குள் அவள் ஒன்று கேட்கலாம்,
நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்,
சொன்னதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்,
எதையும் கூட்டாமல்.

படுக்கையைப் பற்றிக் கேட்பாள் என்று
வழியெல்லாம் வியர்த்திருந்தேன்.
"அங்க என்ன பசியாறினே?"
ரொட்டி. மார்ஜரின். கோப்பி.
"ரொட்டி. மார்ஜரின். கோப்பி."
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
"கோப்பியில சீனி?"
அது இரண்டாவது கேள்வி என்றார் மிஸ்.
போடவில்லை என்றேன் நான்.
இனிப்புநீர் கண்ட நாளிலிருந்து
ஒன்பது வருடமாய் என் சீனியை அளந்தவள்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அதை மட்டும் அவள் திருப்பிச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் மிஸ் சொன்னார்:
ரப்பர் மரத்தைப் பாருங்கள்,
வெட்டிய பட்டை மறுபடி வளர்கிறதல்லவா.
பதினொரு வருடம் பால் வெட்டியவள்
சிரித்தாள், மூன்று மாதத்தில் முதல் முறை.
"வளரும் மிஸ், உளி கட்டையத் தொடாம இருந்தா.
தொட்டுட்டா அந்த எடம் முண்டும் முடிச்சுமாத்தான் வளரும்.
பால் வரும்.
உளி மட்டும் ஒவ்வொரு தடவையும் அங்க தட்டும்."
மிஸ் பேனாவை மூடி வைத்தார்.
அன்று யாரும் கோழியை முறுக்கவில்லை.

வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
இரவில் லோரியில் ஏறி, டார்ச் அடித்து,
ஓடிய தூரத்தைக் குறித்து வைப்பாள்.
மிஸ் கொடுத்த பயிற்சி இல்லை அது, அவளுடையது.
சோற்றைப் பிசைந்தபடி
லோரிக் கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

முந்தாநாள் நல்ல மழை. அவள் இறங்கவில்லை.
செவ்வாய்க்கிழமைக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.
மன்னிப்பா, சளியா, அலுத்துவிட்டதா?
கேட்கும் முறை என்னுடையது இல்லை.
நனைந்துகொண்டே போய் எண்ணைப் பார்த்துவந்து
அவள் பேனாவால் நானே எழுதினேன்,
சந்தைக்குச் சுற்றிப் போன
நாலு கிலோமீட்டரையும் சேர்த்து.