வீட்டு முட்டை

முலுண்டில் எங்கள் கட்டடத்தில்
முட்டை கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.
ஓடுகளை மட்டும்
பேப்பரில் சுற்றி, பாலிதீனில் கட்டி,
ஸ்டேஷன் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோகிறார்
பொன்னுலிங்கம், டிபன் பைக்குள்,
ஏழு ஐம்பத்திரண்டு லோக்கலுக்கு முன்.

அவருக்கு மஞ்சள் ஆகாது.
கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பது.
வெள்ளையை மட்டும் அடித்து ஊற்றி
மடித்து வைத்தால்
"என்ன இது, கைக்குட்டையா?" என்பார்.
கைக்குட்டைக்குள் முருங்கைக்கீரை பொதிந்து கொடுத்தேன்.
ஒன்றும் சொல்லாமல் தின்றார்.
அவர் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

மிஞ்சிய மஞ்சள்கள் மகிழ்நிலாவுக்கு.
காலேஜ் வாசல் வண்டியில் தின்ற புர்ஜி போல வேண்டும்:
தக்காளி அதிகம், பச்சை மிளகாய் தாராளம்,
பாவ் வெண்ணெயில் வாட்டியது.
கறிவேப்பிலை கண்ணில் பட்டால்
"அம்மா, இது பொடிமாஸ்" என்று தட்டை நகர்த்துவாள்.
போடாமல் இருக்க எனக்குக் கை வராது.
போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன்.

துருவனுக்கு மூன்றரை வயது.
முதல் பிறந்தநாள் கேக், ஒரு விரல்நுனிதான்,
உதடு பன் மாதிரி வீங்கிவிட்டது.
"ஒரு துளிகூட," என்றார் டாக்டர்,
வாக்கியத்தை முடிக்காமல்.

ஆனாலும் அக்கா தட்டில் இருப்பது அவனுக்கும் வேண்டும்.
அழுதால் மூச்சு இழுக்கும்.
பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்தேன்.
மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை.
தனிக் கல், தனிக் கரண்டி,
அவற்றைத் துலக்கத் தனி நார்.
கடைசியில், சாட் கடைக்காரர்கள் தூவும் கறுப்பு உப்பு.
சூட்டில் அந்த உப்பு அவிழும்போது
அவித்த முட்டையை அப்போதுதான் உரித்த வாசம்.
அசல் கூட இவ்வளவு நாறாது.

"இது வீட்டு முட்டை, கடிக்காது.
வெளி முட்டை கடிக்கும்," என்றேன்.
நம்பினான்.
பள்ளியில் யார் கேக் நீட்டினாலும்
"கடிக்கும்" என்று
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வானாம்.
மிஸ் சொன்னார்கள், சிரித்துக்கொண்டு.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வியாழக்கிழமை, நல்ல மழை.
கதவைத் தட்டினார் செக்ரட்டரி ஜயந்திபாய்,
கையில் சொசைட்டி ரசீதுப் புத்தகம்.
"பாபி, அண்டா. மூன்றாம் மாடி வரை வாசம்.
இன்று ஏகாதசி."

அன்றைக்கு அடுப்பில் இருந்தது பாசிப்பருப்பு மட்டும்.
ஆறு முட்டைகளும் ஃபிரிட்ஜுக்குள்,
குளிர்ந்து, கீறல் இல்லாமல்.
நாலு வருஷமாக நான் உடைத்த எதற்கும்
வராத மனிதர்.

முட்டையே இல்லை,
உங்கள் வீட்டு மூங் சில்லாதான் இது,
வாயில் போட்டுப் பாருங்கள்:
இந்தியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டேன்.
அதற்குள் என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு
முன்னால் வந்தான் துருவன்,
தட்டை இரண்டு கையாலும் ஏந்தி.
"மேரா அண்டா," என்றான் அவரிடம்.
கன்னத்தில் பருப்பு.

"ஆமாம், முட்டைதான்," என்றேன்.
"தப்புதான்."

இருநூறு ரூபாய்.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து
"இதர வகை" என்று எழுதிக் கிழித்துத் தந்தார்.
போகும்போது அவன் தலையை ஒருமுறை தடவினார்,
பாவம் மாதிரி.

"ஏட்டி, சொல்லியிருக்கலாம்லா?"
ராத்திரி கேட்டார் பொன்னுலிங்கம்.
நான் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் படுத்தபின்
ஃபிரிட்ஜைத் திறந்து ஒன்று எடுத்தேன்.
யாருக்காகவும் பிரிக்கவில்லை,
அடிக்கவில்லை, கீரை வைக்கவில்லை.
மஞ்சள் குலையாத ஆஃப் பாயில், மேலே மிளகு.
ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன்.
பணம் கட்டியாயிற்றே.

எவரும் வரவில்லை.
நின்றபடியே தின்றேன்.
மஞ்சள் மணிக்கட்டு வரை வழிந்தது.
ஓட்டைச் சுற்றப் பேப்பர் தேடினேன், இல்லை.
ரசீது இருந்தது.