ஊரெல்லாம் தைவான்

கல்லல் தாண்டிச் சரளைக் காடு.
ஒன்றரை ஏக்கரில் அறுநூற்றுப் பத்துக் கன்று.
நாற்றுக்காரன் ரசீதில் எழுதியிருந்தான்:
தைவான் பிங்க், ஒன்று நாற்பது ரூபாய்.
அது ஊரா கம்பெனியா
எனக்கு அப்போது தெரியாது.

காய்க்குக் காய் நுரைவலை மாட்டி
மேலே பாலித்தீன் உறை கட்டினோம்.
"என் பிள்ளைக்கே நான் குல்லா போட்டதில்லை"
என்றாள் கூலிக்கு வந்த செம்பாயி.

ஒரு ராத்திரி செல்போனில் தேடினேன்.
கடலுக்குள் மாவடு போலக் கிடந்தது தீவு.
மலை போக மிஞ்சிய ஓரத்தில்
நெல், கொய்யா, மீன் குட்டை,
அதையும் நெருக்கிக்கொண்டு
சிப்பு செய்கிற தொழிற்சாலை.
என் சொட்டுநீர் மோட்டாரை
நேரத்துக்கு நிறுத்துகிற பெட்டிக்குள்ளும்
அந்த ஊர்ச் சரக்குதானாம், மெக்கானிக் சொன்னான்.

அங்கேயும் ஒருத்தி
தொப்பியும் முகத்துணியுமாகக்
காய்க்கு உறை கட்டிக்கொண்டிருந்தாள்.
கூலி எவ்வளவு?
வீடியோவில் அது மட்டும் இல்லை.

ஆவணியில் அங்கே புயல் அடித்தது.
இங்கே மேகம் வந்து
கணக்குப் பார்த்துவிட்டுப் போனது.
காரைக்குடிச் சந்தையில் கிலோ பதினெட்டு.
கூட்டுறவு வங்கித் தவணைக்கு
இன்னும் ஒன்பது நாள்.
"வரத்து ஜாஸ்தி, அடைக்கலமேரி" என்றார் தரகர்.
"பார்க்கிற பக்கமெல்லாம் தைவான்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில்
விலைபோகாத கூடை மடியில்.
ஒன்றைக் கடித்தேன்.
நல்ல சிவப்பு. விதை பல்லில் மாட்டியது.
கொஞ்சம் உப்பு, மிளகாய்த்தூள் இருந்திருந்தால்...

அவள்
எதைத் தொட்டுக்கொண்டு தின்பாளோ.